நெருக்கி ஊன்றிய 5 சென்ட்: பாப்பாரப்பட்டித் தோட்டக் குறிப்பு

ஜூன் 8

ஸ்வீட் கார்ன் விதைப்பு முடிந்தது. பாருக்குப் பார் 2 அடி, செடிக்குச் செடி 8 அங்குலம் விட்டு 10 சென்ட், கணக்குப்படி 3,200 செடிக்கு மேல் வரும். இன்னொரு பாக்கெட் விதை கையில் இருக்கிறது, அதற்கு நிலம் உழுது முடியவில்லை. சரி என்று வாய்க்கால் ஓரத்து 5 சென்ட்டில் 4 அங்குலத்துக்கு ஒன்றாக ஊன்றிவிட்டேன், அதே எண்ணிக்கை, பாதி இடம். பக்கத்து நிலத்து மாமா பார்த்துவிட்டு, "என்னப்பா, நாத்தங்கால் போடறியா?" என்றார்.

ஜூன் 27

நெருக்கியது நாலு விரற்கடை உயரமாக நிற்கிறது. அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்கும்தான், தண்டைப் பிடித்துப் பார்க்கிற வரைக்கும். மற்றதில் கட்டைவிரல் கனம், இதில் பென்சில்.

இன்னும் ஒன்றின் நிழல்கூட இன்னொன்றின் மேல் விழவில்லை, அதற்குள் எப்படித் தெரிந்தது? பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தூரச்சிவப்பு ஒளியை, அதாவது சிவப்பை அடுத்து வரும், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒளியை, அதிகம் உறிஞ்சாமல் திருப்பி அடிக்கும். பக்கத்துச் செடியிலிருந்து அது வந்து பட்டாலே போதும், போட்டிக்கு ஆள் வந்தாச்சு என்று தண்டு மேலே நீள ஆரம்பித்துவிடும்.

ஜூலை 13

இடைவெளி விட்டதில் அடியில் பக்கக் கிளைகள் வெடித்திருக்கின்றன, நெருக்கியதில் ஒன்றுகூட இல்லை. கிளையை ஒடித்துவிடு என்கிறாள் அம்மா, ஒடிப்பதால் விளைச்சல் கூடாது, விட்டுவிட்டேன். உரம் மட்டும் செடிக் கணக்குக்கே இரண்டு பக்கமும் போட்டேன், அப்படியும் நெருக்கியதில் அடி இலை வெளுக்கிறது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. வீட்டில் எல்லோரும் ஒகேனக்கல் போயிருக்கிறார்கள், நான் வரப்பில்.

இரண்டு பக்கமும் ஆண் பூ விரிந்து மகரந்தம் கொட்டுகிறது. 10 சென்ட்டில் கதிர் முடியும், அதாவது மகரந்தம் பிடிக்கிற பட்டு நூலும், வந்துவிட்டது. நெருக்கியதில் முடியையே காணோம்! உணவு பற்றாத செடி உச்சிப் பூவைத்தான் முதலில் கவனிக்கும், கதிரைத் தள்ளிப்போடும். ஒரு முடிக்கு ஒரு மணி, கதிரின் அடிப்பக்க முடி முதலில் வரும், நுனி முடி கடைசியில். அது வருவதற்குள் மகரந்தத் தூள் தீர்ந்துவிட்டால் நுனி பொக்கைதான்.

ஆகஸ்ட் 7

ராத்திரி காற்று. நெருக்கியதில் நடுவில் ஒரு பெரிய பாய் அளவுக்குப் படுத்துவிட்டது. மற்றதில் ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 23

அறுவடை. நெருக்கியதில் மூன்றில் ஒரு செடியில் கதிரே இல்லை, இருப்பதும் சாண் நீளம் வராமல் நுனி காலி. வியாபாரி எண்ணிக்கைக்குத்தான் எடுக்கிறார், சின்னதைத் தொடவே இல்லை. தட்டை மாட்டுக்கு ஆச்சு, அதில் குறையில்லை.

ஆனால் வாய்க்காலை ஒட்டிய ஒரே ஒரு பாரில் கதிர் நன்றாகவே பிடித்திருந்தது. அதுவும் 4 அங்குலம்தான், ஒரு பக்கம் மட்டும் திறந்த வெளி. அந்தக் கதிரை மட்டும் வேக வைத்துத் தின்றோம், மாமாவுக்கும் இரண்டு கொடுத்தேன், "நாத்து நல்லா இருக்குப்பா" என்கிறார்.