கம்பத்து வெயிலில் இஞ்சி பீர்

பேரில்தான் பீர் இருக்கிறது. பார்லியும் கிடையாது, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவும் கிடையாது. தேனி மாவட்டக் கம்பத்திலும் சரி, மலையேறினால் கேரளத்துக் குமுளியிலும் சரி, வீட்டில் மது வடிக்கச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் வாயு ஏறியதும் குளிரில் வைத்து நொதிப்பை அடக்கிவிடுவதுதான் இதில் முக்கியமான வேலை. வெளியில் நாள்கணக்கில் விட்டால் சாராயச் சத்து கூடும், பாட்டிலும் வெடிக்கும்.

முதலில் உறை, அதாவது பீரை நொதிக்க வைக்கும் இஞ்சிக் கரைசல். தோல் சீவாத இஞ்சி 2 மேசைக்கரண்டி துருவி, 2 மேசைக்கரண்டி சீனியோடு அரை லிட்டர் தண்ணீரில் போட்டுத் துணியால் மூடுங்கள். ஈஸ்ட் அந்தத் தோலில்தான் இருக்கிறது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரென்றால் கொதிக்கவைத்து ஆற்றியது நல்லது. தினமும் இஞ்சியும் சீனியும் ஒவ்வொரு மேசைக்கரண்டி சேர்த்துக் கிளறினால் இந்தப் பக்கத்துச் சூட்டில் 3 முதல் 5 நாளில் நுரைக்கும். பச்சை, கறுப்புப் பூசணம் கண்டால் மேலே வழித்துப் பார்க்க வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

2 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் துருவிய இஞ்சி, 180 கிராம் மறையூர் வெல்லம். 15 நிமிடம் கொதித்ததும் இறக்கி, தட்டிய ஏலக்காய் 6 போட்டு உடனே மூடுங்கள். ஏலக்காயைக் கொதிக்கவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும், கசப்புதான் மிஞ்சும். கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறிய பிறகு வடிகட்டி, 2 எலுமிச்சைச் சாறும் வடித்த உறை 120 மில்லியும் ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போதே உறையை ஊற்றுவதுதான் பலருக்கும் பீர் நுரைக்காமல் போகக் காரணம்.

மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைச் சீனியில் இல்லாத தாதுக்கள் வெல்லத்தில் இருப்பதால் ஈஸ்ட் சுறுசுறுப்பாக வேலை செய்யும். சுவையும் கனமாக வரும், சீனியில் அது வராது. குமுளிக்காரர்களிடம் செய்முறை கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். சீனியா வெல்லமா என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

கம்பம் பன்னீர் திராட்சை சேர்ப்பதென்றால் 150 கிராம் நசுக்கி, வெல்லத்தில் 25 கிராம் குறையுங்கள். உறை ஊற்றும்போதே போட்டு 12 மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். பாட்டிலில் சக்கை மிதந்தால் வாயு அதைப் பற்றிக்கொண்டு குமிழியாகும். திறந்ததும் பாதி பீர் தரைக்குப் போகும்.

கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே 4 சென்டிமீட்டர் இடம் விட்டு ஊற்றுங்கள். நாளை எண்ணாதீர்கள், பாட்டிலை அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இறுகிவிட்டால் உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். கோடையில் கம்பத்தில் ஒரு நாளே போதும், குமுளிக் குளிரில் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஊற்றும்போது பீர் எண்ணெய் போல் கொழகொழவென்று இழுபட்டால் பாக்டீரியா புகுந்துவிட்டது என்று பொருள், குடிக்காதீர்கள்.

நண்பர்களோடு ருசி பார்க்கக் கொண்டுபோனால் ஐஸ் பெட்டியில் வைத்தே எடுத்துப் போங்கள், பஸ் சூட்டில் நொதிப்பு மறுபடி கிளம்பும். மூடியை ஒரேயடியாகத் திருகாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பாட்டிலில் ஊற்றிய நாள், நேரம், வெல்லத்தின் அளவு மூன்றையும் ஒட்டிக் கொடுத்தால்தான் யாருடையது ஏன் புளித்தது என்று பேச முடியும். உறையைப் பங்கிட 100 மில்லி போதும், மூடியை இறுக்காமல் கொடுங்கள். வாங்கியவர் முதல் நாள் இஞ்சியும் சீனியும் ஊட்டி, நுரை வந்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும்.