மகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்ட அனுபவம்

என் பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. மாதவிடாய் நின்ற பிறகும் அவ்வப்போது உதிரம் பட்டதை வெட்கப்பட்டு அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மறைந்து சில ஆண்டுகள் கழித்து, 2023-இல், 12 வயதான என் மகளைக் காய்ச்சலுக்காக அழைத்துச் சென்றிருந்தபோது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போட்டாயிற்றா என்று குழந்தை மருத்துவர் கேட்டார்.

வீட்டில் என் மாமியார் கடுமையாக மறுத்தார். "வயசுக்கே வராத பிள்ளைக்குக் கர்ப்பப்பைக்கு ஊசியா? நாளைக்குக் குழந்தை பிறக்காமல் போனால் யார் பொறுப்பு?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லாததால், அந்தக் கேள்விகளையே மருத்துவரிடம் கொண்டு சென்றேன். இந்த வைரஸ் பெரும்பாலும் உடலுறவின் வழியாகப் பரவுகிறது என்றும், பெரும்பாலானோர் உடலிலிருந்து தானாகவே நீங்கிவிடும் என்றும், நீங்காமல் தங்கினால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடும் என்றும் அவர் விளக்கினார். ஏற்கெனவே தொற்றிய வைரஸைத் தடுப்பூசியால் அகற்ற முடியாது. அதனால்தான் சிறு வயதிலேயே போடுகிறார்கள். ஊசியில் இருப்பது வைரஸின் மேலுறையை ஒத்த புரதம் மட்டுமே என்பதால் அது நோயை உண்டாக்காது, கருவுறுதலையும் பாதிக்காது. 9 முதல் 14 வயது வரை இரண்டு தவணை போதும், 15 வயது முதல் மூன்று தவணை என்றும் சொன்னார்.

அத்தையிடம் இவற்றைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "உங்க பெரியம்மாவை இதால காப்பாத்தியிருக்கலாமா?" என்று கேட்டார். அவர் வயதில் தடுப்பூசி உதவியிருக்காது, ஆனால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லும்போது, 38 வயதான நானே அதுவரை ஒருமுறைகூடப் பரிசோதித்துக்கொள்ளவில்லை என்பது உறைத்தது.

மருந்து கையிருப்பில் இல்லாததால் முன்பதிவு செய்து, அவ்வாண்டு அறிமுகமான செர்வாவேக் தடுப்பூசியை வரவழைத்தோம். மகளுக்கு மேற்கையில் போட்டபின், மயக்கம் வருகிறதா என்று பார்ப்பதற்காக 15 நிமிடம் உட்காரவைத்தார்கள். ஒரு நாள் கை வலி இருந்தது, அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து இரண்டாம் தவணை முடிந்தது. இலங்கையில் 2017 முதல் பள்ளி மாணவியருக்கு இலவசமாகப் போடப்படும் ஹெச்.பி.வி. தடுப்பூசிக்கு அன்று நாங்கள் கொடுத்த தொகை, கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு எட்டாதது என்பது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

என் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே செய்தார்கள். கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றத்தின் அறிகுறியாக வெண்மையாக மாறும் இடம் இருக்கிறதா என்று சில நிமிடங்களில் பார்த்துவிட்டார்கள். எல்லா வகை வைரஸையும் தடுப்பூசி தடுக்காததால், என் மகளும் 30 வயதுக்குப் பிறகு இதைச் செய்துகொள்ள வேண்டும் என்று செவிலியர் கூறினார்.

அந்த மாத மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில், பெரியம்மா மறைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம் கலைந்தபின் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகியும் தமக்கு உதிரம் படுவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மறுநாள் காலை முதல் பேருந்தில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன்.