நிலநடுக்கம் எந்தப் பிளவில் நடந்தது? கண்டுபிடிக்கும் வேலை

வரைபடத்தில் நிலநடுக்கப் புள்ளிக்கு மிக அருகே ஓடும் பிளவுக்கோட்டைக் காரணமாகச் சொல்லிவிடாதீர்கள். 60 பாகை சரிந்த பிளவில் 12 கி.மீ. ஆழத்தில் பாறை நழுவினால், அதன் நேர்மேலே உள்ள புள்ளி தரையில் தெரியும் கோட்டிலிருந்து 7 கி.மீ. தள்ளி விழும். பக்கத்தில் இருக்கும் கோடு வேறு பிளவுடையதாக இருக்கலாம். கலிபோர்னியாவின் 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் நழுவிய பிளவோ தரைவரை வரவே இல்லை.

முதல் வேலை, அலை வந்த நேரத்தைக் குறிப்பது. முதலில் வந்துசேரும் பி அலையை, மேல்-கீழ் அசைவைக் காட்டும் செங்குத்துப் பதிவிலும், அதன்பின் வரும் எஸ் அலையை, பக்கவாட்டு அசைவைக் காட்டும் கிடைப் பதிவுகளிலும் பாருங்கள். இரண்டுக்கும் இடையிலான நொடிகளை 8-ஆல் பெருக்கினால் தோராயமான தூரம் கி.மீ.-இல் வரும். எஸ்-ஐக் குறிப்பதில்தான் கை தவறும். வண்டல் படிந்த இடங்களில், அடிப்பாறையைக் கடக்கும்போது எஸ் அலையின் ஒரு பகுதி பி-யாக மாறி முந்தி வந்துவிடும். செங்குத்துப் பதிவில் பளிச்சென்று தெரியும். அதை எஸ் என்று எடுத்தால், அரை நொடிக்கு 4 கி.மீ. போச்சு.

ஆழத்தைப் பிடிப்பது இன்னும் கடினம். ஆழம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தூரத்துக்குள் ஒரு நிலநடுக்கப் பதிவு நிலையமாவது வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருளில் ஆழத்தை 10 கி.மீ. என்று நிறுத்திவைப்பது வழக்கம். பட்டியலில் வரிசையாக 10.0 கண்டால் அது அளந்த ஆழம் அல்ல.

அடுத்து, முதல் அசைவு மேலா கீழா என்று ஒவ்வொரு நிலையத்திலும் பார்த்து பீச்பால் (பிளவின் சாய்வையும் நழுவிய திசையையும் காட்டும் வட்டப் படம்) வரைய வேண்டும். கருவியில் இணைப்பு தலைகீழாக இருந்தால் மேல் கீழாகும். வெகுதொலைவில் நடந்த பெரிய நிலநடுக்கம் ஒன்றின் பதிவை எடுங்கள்: வலையமைப்பின் நிலையங்கள் எல்லாம் பொதுவாக ஒரே பக்கம்தான் அசையும். எதிர்ப்பக்கம் போன நிலையத்தைத் திருத்திய பிறகே வரையுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

பீச்பால் எப்போதும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களைக் காட்டும். எது உண்மையில் நழுவியது என்று அது சொல்லாது, பின்னதிர்வுகள்தான் சொல்லும். அருகருகே நடந்த பின்னதிர்வுகளின் அலைகள் வந்த நேர வித்தியாசங்களை மட்டும் வைத்து இடத்தை மறுபடி கணக்கிட்டால், பாதையின் அலைவேகப் பிழை பெரும்பாலும் கழிந்துபோகும். மேகம்போல் கிடந்த புள்ளிகள் மெல்லிய தகடாகச் சுருங்கும் அந்தக் காட்சிக்காகவே இத்தனை உழைப்பும் தகும்.

ஒரு தளத்தைத் தேர்ந்ததும் மற்றதை உடனே தள்ளிவிடாதீர்கள். 2019 ஜூலை 4 அன்று கலிபோர்னியாவின் ரிட்ஜ்கிரெஸ்டில் 6.4 அளவில் நடுங்கியபோது பின்னதிர்வுகள் 'ட' வடிவில் விழுந்தன. ஏறக்குறைய செங்குத்தாக வெட்டும் இரண்டு பிளவுகளுமே நழுவியிருந்தன.