இரு தலையிலும் ஆத்தி

பள்ளி மலருக்கு எழுதச் சொன்னதும் விடுதிக் களி, வகுப்புக்கு வெளியே நின்ற புளியமரம் என்றுதான் ஆரம்பித்தேன். மனசு வேறு பக்கம் இழுத்தது. எனக்குப் பள்ளி என்றால் முதலில் ஞாபகம் வருவது 1986ல், பத்தாம் வகுப்பில், தமிழய்யா பாடத்தில் இல்லாத பாட்டு ஒன்றை நடத்திய மதியம்தான்.

அந்த வருஷம் பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் பங்காளிச் சண்டை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கும்போது, அதாவது மகாபாரதக் கதையும் கூத்தும் நடத்தும்போது, முதல் மரியாதை எங்கள் வீட்டுக்கா, பெரியப்பா வீட்டுக்கா என்று கிளம்பிய பேச்சு, வரப்பு, கிணற்று முறை என்று வளர்ந்து, கடைசியில் இரண்டு வீட்டுக்கும் நடுவே முள்வேலி விழுந்தது. ஊரே இரண்டு கட்சி. நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது, பேசினால் அபராதம். கூத்தும் நின்றுபோனது. பெரியப்பா மகனும் நானும் ஒரே பெஞ்சு, என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். ஒரு திங்கட்கிழமை பார்த்தால் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போயிருந்தான்.

ஐயாவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. போர்டில் புறநானூறு 45 என்று எழுதினார். சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகை போட்டிருக்கிறான், உள்ளே கதவை அடைத்துக்கொண்டு நெடுங்கிள்ளி, அவனும் சோழன்தான். கோவூர் கிழார் நடுவில் நின்று சொல்கிறார்: எதிரே நிற்பவன் பனந்தோடு சூடிய சேரன் இல்லை, வேப்பம்பூ சூடிய பாண்டியனும் இல்லை, உன் தலையிலும் சோழர் பூவான ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி. ‘ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே.’ இரண்டு பேரும் ஜெயிப்பது நடக்காது, உங்கள் சண்டையைப் பார்த்து மற்ற ராஜாக்களுக்குத்தான் கொண்டாட்டம்.

அப்புறம் அதற்கு முந்தின பாட்டு, அதே நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக்குள் அடைந்து கிடந்தபோது பாடியது. குளிக்கக் குளமும் நெய் பிசைந்த கவளமும் இல்லாமல் யானைகள் தும்பிக்கை தரையில் புரள இடி மாதிரி முழங்குகின்றன, பாலில்லாமல் பிள்ளைகள் அலறுகின்றன, பெண்கள் பூவில்லாத வெறுந்தலையை முடிகிறார்கள், தண்ணீர் இல்லாத வீடுகளில் அழுகுரல் கேட்கிறது. அறம் என்றால் வெளியே நிற்பவனிடம் ‘உனது’ என்று கதவைத் திற, மறம் என்றால் சண்டைக்குத் திற, இரண்டும் இல்லாமல் உள்ளே ஒதுங்கிக் கிடப்பது பார்க்கவே வெட்கம் என்கிறார். ஐயா எங்கள் இரண்டு பேர் பக்கமும் திரும்பவே இல்லை.

நாம் தகடூர்க்காரர்கள், தர்மபுரிக்குப் பழைய பெயர் அதுதான். அதியமானின் வீரத்தை ஔவை பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்கள், காட்டு மேட்டில் எங்கே பார்த்தாலும் நடுகல். இருந்தாலும் போர்ப்பாட்டில் எனக்கு இந்த இரண்டுக்கும் மேல் எதுவும் இல்லை. ஜெயித்தவனைப் பாடினால் பரிசில் கிடைக்கும். பங்காளிகளுக்கு நடுவில் போகிறவனுக்கு உயிரே நிச்சயமில்லை. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று நெடுங்கிள்ளி கொல்லப் போனான், அவரைப் பாடிக் காப்பாற்றியவரும் இதே கோவூர் கிழார்தான்.

அந்த ஐப்பசியில் பெரியம்மா இறந்துபோனார். எங்கள் ஆயா ஒப்பாரி எடுத்தால் சுற்று வட்டாரமே கேட்கும், செத்தது அவருடைய மூத்த மருமகள், ஆனால் போகக்கூடாது. ஆயா வேலிக்கு இந்தப் பக்கம் முறத்தைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஒரு கையை ஊன்றி உட்கார்ந்து பாட ஆரம்பித்தார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அங்கிருந்த பெண்கள் மாரடித்துக்கொண்டே ஆயாவின் வரியை வாங்கிப் பாடினார்கள், மழை தூறத் தூற, இருட்டும் வரை. அப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். போகவில்லை. ஆயாவைத் தடுக்கவும் இல்லை. மறு வருஷம் ஆயாவும் போய்விட்டார்.

1990ல் மறுபடி பாரதம் வைத்தார்கள். துரியோதனன் சாகும் படுகளத்தன்று பீமன், மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் தொடையைப் பிளந்து, பாஞ்சாலி கூந்தல் முடிந்தாயிற்று. இத்தனை ராத்திரி நாம் எதிரியாகப் பார்த்தவனுக்காக அவன் மனைவி பெருந்திருவாள் அழுதாள். வேஷக்காரர் அரிதாரம் கரைய மண் உருவத்தின் மேல் விழுந்து பாடினார், சனம் மொத்தமும் அழுதது. அடுத்து முறத்தடி, துடைப்பத்தடி. வாங்கினால் பீடை விலகும் என்று வரிசையில் நிற்பார்களே, அதில் அப்பாவும் பெரியப்பாவும் முன்னும் பின்னுமாக நின்றிருந்தார்கள். பக்கத்தில் யாரோ என் தோளைத் தொட்டார்கள்.

“இது ஆயா வேலியோரம் பாடின மெட்டுதானே?” என்றான் பெரியப்பா மகன். நாலு வருஷத்தில் அவன் என்னோடு பேசிய முதல் பேச்சு.