கிடங்கு சிமுலேஷனை ப்ராஜெக்டாக எடுப்பவர்களுக்கு

எம்.இ. ப்ராஜெக்டுக்குத் தானியங்கி கிடங்கு சிமுலேஷன் எடுக்கப் போகிறீர்களா, 3டி அனிமேஷனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸ்சிம், எனிலாஜிக் போன்ற சிமுலேஷன் மென்பொருள் எதிலும் ரோபோ ஓடுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வைவாவில் என்னைக் குடைந்தது "இந்த எண்ணை எப்படி நம்புவது?" என்ற ஒன்றைத்தான். லைசென்ஸ் கிடைக்காவிட்டால் பைத்தானில் சிம்பை என்ற சிமுலேஷன் நூலகம் இருக்கிறது, இலவசம், போதும்.

முதலில் ஒரே ஒரு பிக்கிங் ஸ்டேஷனை (ஆர்டருக்கான பொருளை எடுக்கும் இடம்) காகிதத்தில் போடுங்கள். பெட்டிக்குச் சராசரி 20 விநாடி, அதாவது மணிக்கு 180 முடிக்கலாம். மணிக்கு 162 பெட்டி வந்தால் எம்/எம்/1 கணக்குப்படி (வரத்தும் வேலை நேரமும் தற்செயலாக மாறும், ஒரே சேவையிடம் உள்ள வரிசைக்கான சூத்திரம்) சராசரியாக 9 பெட்டி அங்கே நிற்கும், லிட்டில் விதிப்படி (நிற்கும் எண்ணிக்கை = வரத்து வேகம் × தங்கும் நேரம்) ஒவ்வொன்றும் சராசரியாக 200 விநாடி தங்கும். வரத்தை 171 ஆக்குங்கள்: கூடியது மணிக்கு 9 பெட்டிதான், ஆனால் நிற்பது 19, தங்குவது 400 விநாடி! நிஜக் கிடங்கு இந்தச் சூத்திரத்துக்கு அடங்காது, அதற்காகத்தானே சிமுலேஷனே. இருந்தாலும் முதல் மாடலை இதே அனுமானங்களோடு நீண்ட நேரம் ஓட்டி, இந்த எண்களை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். மாடலைச் சரியாக எழுதியிருக்கிறாயா என்ற வெரிஃபிகேஷன் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

அப்புறம் டேட்டா. நாள் சராசரி வாங்கி வராதீர்கள், ஆர்டர் வரி வரியாக, நேரத்தோடு வேண்டும், அதிலும் தீபாவளி விற்பனை போன்ற உச்ச நாள் கட்டாயம். சராசரியை மட்டும் போட்டால் எல்லா டிசைனும் பாஸ் ஆகிவிடும்.

வார்ம்-அப் நேரத்தை, அதாவது காலியாகத் தொடங்கும் மாடல் நிலைபெறும் வரையான நேரத்தை, கணக்கிலிருந்து ஏன் வெட்டினாய் என்று நிச்சயம் கேட்பார்கள். இரவு பகலாக ஓடும் கிடங்கென்றால் வெட்டுவது சரி. தினமும் காலையில் காலியாகத் தொடங்கும் இடமென்றால் அந்த முதல் மணி நேரமும் நிஜம்தான், வெட்டக்கூடாது. ஒரே ஓட்டத்தின் முடிவைக் காட்டாதீர்கள், வெவ்வேறு சீடுகளோடு (தற்செயல் எண்களின் தொடக்க மதிப்பு) பல தடவை ஓட்டி, நம்பக இடைவெளி, அதாவது உண்மையான சராசரி இருக்கக்கூடிய எல்லை, கொடுங்கள். அந்த இடைவெளி பாதியாக வேண்டுமென்றால் ஏறக்குறைய நான்கு மடங்கு ஓட்டங்கள் வேண்டும். 18 ரோபோவா 20 ரோபோவா என்று ஒப்பிடும்போது இரண்டுக்கும் அதே ஆர்டர்கள் போகட்டும்.

எமுலேஷன் பற்றியும் படித்து வையுங்கள். அதில் முடிவெடுப்பது நிஜக் கட்டுப்பாட்டு மென்பொருள், மாடல் கன்வேயராகவும் சென்சாராகவும் நடிக்கும், அதனால் பெரும்பாலும் நிஜக் கடிகார வேகத்தில்தான் ஓட்ட முடியும். பார்கோடு படிக்காத பெட்டி வந்தால் மென்பொருள் என்ன செய்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ப்ராஜெக்டில் அதற்கு நேரம் இருக்காது, வருங்கால வேலை என்று எழுதிவிடலாம், எல்லாரும் அதைத்தான் செய்கிறோம்.