முதல் மணி நேரமும் மூன்றாவது வாரமும்

காய்ச்சலும் குழப்பமுமாக ஒருவரை ஸ்ட்ரெச்சரில் ஐசியூவுக்குள் கொண்டுவரும்போது, என்ன செய்வதென்று தெரியாமல் நேரம் வீணாவது அபூர்வம். சி.டி முடியட்டும், தண்டுவட நீர் எடுத்துவிடலாம், சீனியர் வந்து பார்க்கட்டும் என்று ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒரு நியாயம் இருக்கும். கூட்டிப் பார்த்தால் மூன்று மணி நேரம் போயிருக்கும். அதே நோயாளிக்குப் பத்து நாள் கழித்து நேர் எதிரான தவறு நடக்கிறது. டோஸைக் குறைக்கவும், மருந்தை நிறுத்தவும், இவர் இனி தேறமாட்டார் என்று முடிவுகட்டவும் அவசரம் வந்துவிடுகிறது. மூளைத்தொற்று நோயாளிகளைப் பார்க்கிற எங்களை அதிகம் கவலைப்பட வைப்பவை இந்த இரண்டும்தான்.

காய்ச்சல், கழுத்து இறுக்கம், நினைவுக் குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால்தான் பாக்டீரியா மூளையுறைத் தொற்று என்று பலர் மனதில் வைத்திருக்கிறார்கள். மூன்றும் சேர்ந்திருப்பது பாதிப் பேரிடம்கூட இல்லை. இவற்றோடு தலைவலியையும் சேர்த்து நான்கில் இரண்டு இருக்கிறதா என்று பார்த்தால் அநேகமாக எல்லோரும் அகப்படுவார்கள். சந்தேகம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் உள்ளே போயிருக்க வேண்டும்.

இதில் வரிசை முக்கியம். முதலில் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை. பிறகு ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ப்ளட் கல்ச்சர் இரண்டு செட். அடுத்து டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 10 மி.கி., உடனே ஆன்டிபயாடிக்குகள்: செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம், அதன்பின் வான்கோமைசின். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தாலோ எதிர்ப்பு சக்தி குறைந்தவராக இருந்தாலோ ஆம்பிசிலின் 2 கிராம் நான்கு மணிக்கொரு முறை. லிஸ்டீரியா கிருமிக்கு செஃப்ட்ரியாக்சோன் அறவே வேலை செய்யாது என்பதால்தான் இந்தச் சேர்க்கை. வான்கோமைசினை முதலில் தொங்கவிட்டுவிட்டால், அது மெதுவாக ஏற வேண்டிய மருந்து, ஒரே லைனில் செஃப்ட்ரியாக்சோன் இரண்டு மணி நேரம் பின்தங்கிவிடும். இது அடிக்கடி நடக்கிறது, யார் கண்ணிலும் படுவதில்லை.

டெக்ஸாமெத்தசோன் முதலில் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஆன்டிபயாடிக் பட்டதும் கிருமிகள் உடைந்து அவற்றின் சுவர்த் துண்டுகள் சிதறும். அழற்சி அப்போதுதான் உச்சத்துக்குப் போகும். 2002இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், முதல் டோஸுக்குச் சற்று முன்னோ கூடவோ ஸ்டீராய்டு பெற்றவர்களில், குறிப்பாக நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றில், இறப்பு குறைந்தது. ஆறு மணிக்கொரு முறை, நான்கு நாட்கள். நடைமுறையில் இது தவறுவது அறியாமையால் அல்ல. செஃப்ட்ரியாக்சோன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும், டெக்ஸாமெத்தசோன் வேறு அலமாரியில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ட்ரேயில் வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது.

ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் கல்ச்சர் வராதே என்ற பயம் வீண் பயமல்ல. மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியா இரண்டு மணி நேரத்திலேயே தண்டுவட நீரிலிருந்து மறைந்துவிடலாம். ஆனால் செல் எண்ணிக்கையும் புரதமும் சர்க்கரையும் அவ்வளவு சீக்கிரம் இயல்புக்குத் திரும்புவதில்லை, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்கும், ப்ளட் கல்ச்சர் ஏற்கெனவே கையில் இருக்கிறது. கிருமியின் பெயர் தெரியாவிட்டாலும் சிகிச்சையைத் தொடர முடியும். இழந்த மூளையைத் திரும்பப் பெற முடியாது. புதிதாக வலிப்பு, ஒரு பக்கப் பலவீனம், கண் நரம்பு வீக்கம், ஆழ்ந்த மயக்கம், எதிர்ப்பு சக்திக் குறைவு, இவற்றில் ஒன்று இருந்தால் சி.டிக்குப் பிறகே தண்டுவட நீர் எடுக்கும் ஊசி. அப்போதும் மருந்து சி.டிக்கு முன்.

தண்டுவட நீர் எடுக்கும்போது அழுத்தத்தை அளக்காமல் விடுவது பெரிய இழப்பு. நோயாளி பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும், ஊசி உள்ளே போனதும் மடக்கிய கால்களைத் தளர்த்திவிட்டு அளக்க வேண்டும். உட்காரவைத்து எடுத்த அளவு எதற்கும் உதவாது. 25 செ.மீ. நீருக்கு மேல் என்றால் அழுத்தம் அதிகம். அதே நேரத்தில் ரத்தச் சர்க்கரையும் பார்த்தாக வேண்டும். நீரின் சர்க்கரை ரத்தத்தில் உள்ளதில் 40 சதவீதத்துக்குக் கீழே இருப்பதுதான் நமக்கு வேண்டிய தகவல், தனி எண் ஏமாற்றும். காசநோய்ச் சந்தேகம் இருந்தால் ஒரு மில்லி அனுப்பிவிட்டு நெகட்டிவ் என்று நிம்மதியடையக் கூடாது. குறைந்தது 6 மில்லி, முடிந்தால் 10. அந்த நீரில் கிருமிகள் அவ்வளவு சொற்பம்.

நடத்தை மாற்றம், பேச்சுக் குழறல், வலிப்பு இருந்தால் ஹெர்பீஸ் வைரஸ் என்று எண்ணி, அதற்கான மருந்தான அசைக்ளோவிரையும் சேர்த்தே தொடங்குகிறோம். கிலோவுக்கு 10 மி.கி., எட்டு மணிக்கொரு முறை, ஒவ்வொரு டோஸும் ஒரு மணி நேரம் ஏற வேண்டும். வேகமாகத் தள்ளினாலோ உடலில் நீர் குறைவாக இருந்தாலோ மருந்து சிறுநீரகத்தில் படிகமாக உறையும்; மூன்றாம் நாள், சிறுநீரகத் தளர்வைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும்போதுதான் தெரியவரும். முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்த பி.சி.ஆர் நெகட்டிவாக இருக்க வாய்ப்புண்டு. அந்த ஒரு தாளை நம்பி மருந்தை நிறுத்துவது எங்களுக்குச் சற்றும் உடன்பாடில்லாத காரியம். எம்.ஆர்.ஐயில் மூளையின் டெம்போரல் (பக்கவாட்டுப்) பகுதி வீங்கியிருந்தால் நிறுத்தாமல், சில நாள் கழித்து மறுபடி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். உறுதியானால் 14 முதல் 21 நாட்கள், முழுக்க ரத்தச் சிரை வழியாகவே.

மூளை அழுத்தத்தைக் குறைக்கும் வேலை பெரும்பாலும் செவிலியர் கையில்தான் இருக்கிறது. தலைமாடு 30 டிகிரி, கழுத்து நேராக. சுவாசக் குழாயைக் கட்டிய நாடா கழுத்துச் சிரையை அழுத்தினால், மூளை அழுத்தம் குறைக்கும் மானிட்டால் கொடுத்தும் பயனில்லை. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 35 முதல் 40 மி.மீ. பாதரசத்துக்குள். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் தொங்கக் கூடாது. கண்மணி விரிந்தால் 3 சதவீத சலைன் (உப்புநீர்) 250 மில்லி கைவசம் தயாராக இருக்க வேண்டும். காசநோய் மூளையுறைத் தொற்றில் ரத்தத்தில் சோடியம் இறங்குவது சகஜம். அதற்காகத் தண்ணீரைக் கட்டுப்படுத்தினால், ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும் அடிமூளை ரத்தக்குழாய்களில் ஓட்டம் குறைந்து பக்கவாதம் வரும். அங்கே உப்பைக் கூட்டுவதே வழி, நீரைக் குறைப்பதல்ல.

மூளை நீரை வெளியேற்றும் டிரெயின் வைத்திருந்தால், அதன் பூஜ்ய மட்டம் காதுத் துளைக்கு நேராக இருக்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்கக் கட்டிலை உயர்த்திவிட்டு டிரெயினை அப்படியே விட்டால், சில நிமிடங்களில் வேண்டாத அளவு நீர் வடிந்துவிடும். கட்டிலைத் தொடும் முன் மூட வேண்டும். அதைவிட முக்கியம், பிறகு திறக்க மறக்காதது.

வலிப்பு நின்ற பிறகும் விழிக்காத நோயாளிக்கு மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி அவசியம், உடல் அசையாமலேயே வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். மருந்துகளின் மோதலையும் கவனிக்க வேண்டும். வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கினால் ஒன்றிரண்டு நாளில் வால்ப்ரோயேட் அளவு தரைமட்டமாகும். டோஸைக் கூட்டியும் ஏறாது, லெவெடிரசெட்டாம் போன்ற வேறொரு வலிப்பு மருந்துக்கு மாற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு செஃபெபைம் என்ற ஆன்டிபயாடிக் முழு டோஸில் போனால் அதுவே குழப்பத்தையும் தசைத் துடிப்பையும் உண்டாக்கும். தொற்று முற்றுகிறது என்று தவறாக எண்ணி இன்னும் மருந்து கூட்டுவோம்.

இரண்டாம் வாரம் காய்ச்சல் விட்டதும் டோஸைக் குறைக்கும் ஆசை வருகிறது. நிமோனியாவுக்குப் பழகிய கை மெரோபெனெமை 2 கிராமிலிருந்து 1 கிராம் ஆக்கிவிடுகிறது. அழற்சி இருக்கும்வரைதான் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு கசியும். அழற்சி அடங்க அடங்க அது மூடிக்கொள்கிறது, அதே டோஸில் உள்ளே போகும் மருந்து குறைகிறது. ஆகவே நோயாளி தேறி வரும் நாட்களில்தான் முழு டோஸ் மிகவும் தேவை. காசநோயில் இன்னொரு சிக்கல் உண்டு: சிகிச்சை சரியாக நடக்கும்போதே ஸ்கேனில் புதிய கட்டிகள் தோன்றும். மருந்து தோற்றுவிட்டது என்று மாற்றிவிடக் கூடாது. மாத்திரைகள் ஒழுங்காகப் போகின்றனவா, கிருமி மருந்துக்கு மசியாத வகையா என்று பார்த்துவிட்டு, பெரும்பாலும் ஸ்டீராய்டை நீட்டிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது வாரத்தில் பதிவேட்டில் “கூப்பிட்டால் பதில் இல்லை” என்று எழுதப்படுவதை நாங்கள் இப்போது அப்படியே ஏற்பதில்லை. பாக்டீரியா மூளையுறைத் தொற்று, முக்கியமாக நியூமோகாக்கஸ், செவித்திறனைப் பறிக்கும். உள்காது சில வாரங்களில் எலும்பாக இறுகத் தொடங்கினால் கேட்க உதவும் கருவியான காக்ளியர் இம்ப்ளாண்டை உள்காதில் வைக்கும் வாய்ப்பும் நழுவிவிடும், எனவே செவிச் சோதனை டிஸ்சார்ஜுக்கு முன் நடக்க வேண்டும். அதற்கும் முன், கண்ணைத் திறந்து பார்த்தபடி பேசாமல் கிடப்பவரிடம் “கையைத் தூக்குங்கள்” என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்ட வேண்டும். சிலர் உடனே தூக்குகிறார்கள்.