பெர்கன் பையை அடுக்கிப் பழகிய ஆறு மாதங்கள்

பிரித்தானியத் தரைப்படையினர் ‘பெர்கன்’ என்று அழைக்கும் பெரிய முதுகுப்பை ஒன்றைச் சென்ற மார்ச் மாதத்தில், பழைய ராணுவப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். 1909-இல் சட்டகம் பொருத்திய முதுகுப்பைக்குக் காப்புரிமை பெற்ற நார்வேக்காரர் ஓலே பெர்கனின் பெயரே இந்தப் பைக்கும் நிலைத்துவிட்டது. தடித்த நைலான் துணியாலான ஒரு நடுப்பை, அதன் இருபுறமும் ஜிப்பால் மாட்டிக் கழற்றக்கூடிய இரண்டு பக்கப் பைகள், மேலே ஒரு மூடிப் பை என்பதே இதன் அமைப்பு. எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 100 லிட்டர் கொள்ளும். ஒன்றும் வைக்காமலே 3 கிலோவை ஒட்டி எடையிருக்கும். எடின்பரோவில் வசிக்கும் நான், ஸ்காட்லாந்து மலைகளில் ஓரிரு இரவு கூடாரமடித்துத் தங்கி நடப்பதற்காக இதைத் தேர்ந்தெடுத்தேன். 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தால், பொறுப்புடன் நடந்துகொள்பவர்கள் இங்குள்ள பெரும்பாலான திறந்த நிலங்களில் கூடாரமடிக்கலாம் என்பது, இந்தப் பொழுதுபோக்கில் இறங்க எனக்குப் பெரிய தூண்டுதலாக இருந்தது.

ஏப்ரலில் முதல் சோதனைக்காக நகரத்தின் தெற்கேயுள்ள பென்ட்லண்ட் குன்றுகளுக்குச் சென்றேன். அங்கே மிக உயர்ந்த ஸ்கால்ட் லா 579 மீட்டர்தான். பழகுவதற்கு ஏற்ற இடம். பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டியபோது பை 19.6 கிலோ காட்டியது. என் உடல் எடை 66 கிலோ. உடல் எடையில் நான்கில் ஒரு பங்கைச் சுமை தாண்டக் கூடாது என்று நடைப்பயணிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கின்படி 16.5 கிலோவே எனக்கு உச்ச வரம்பு. இருந்தும், ஓர் இரவுக்கு இது பெரிய விஷயமில்லை என்று எண்ணிப் புறப்பட்டுவிட்டேன்.

எடையைவிட, அதை நான் வைத்திருந்த இடங்களே என்னை வருத்தின. கூடாரத்தை அடியில் திணித்திருந்தேன். ஸ்லீப்பிங் பேகுக்கு உள்ளே இடமில்லாமல் போனதால் அதை வெளியே கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அது ஒவ்வோர் அடிக்கும் ஆடியது. வலப் பக்கப் பையில் 3 லிட்டர் தண்ணீரும் இடப் பக்கப் பையில் துணிகளும் இருந்ததால், பை முழுவதுமே வலப்பக்கம் சாய்ந்து, அந்தத் தோளை மட்டும் அழுத்தியது. இந்தப் பையின் பக்கப் பைகள் முதுகின் அகலத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை. ஆகவே அவற்றில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும், முதுகை ஒட்டி வைக்கும் ஒரு கிலோவைக் காட்டிலும் அதிகமாக உடலைத் திருப்பி இழுக்கிறது. வேலிகளில் ஆள் மட்டும் புகுந்து செல்ல வைத்திருக்கும் சிறு வாயில்களில் இரண்டு முறை சிக்கிக்கொண்டேன். ஒன்பதாவது கிலோமீட்டரில் வலக்கை விரல்கள் மரத்துப்போயின.

வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, பயன்படுத்தியவை, பயன்படாதவை, பயன்படாவிட்டாலும் எடுத்துச் சென்றே ஆக வேண்டியவை என்று பிரித்தேன். முதலுதவிப் பொருட்கள், விசில், கூடுதல் டார்ச், குளிர் தாங்கும் அவசர உறை ஆகியவை மூன்றாவது குவியலுக்குப் போயின. இரண்டாவது குவியல் மட்டும் 4.7 கிலோ இருந்தது. மடக்கு நாற்காலி, சிறு கோடரி, இரண்டாவது கத்தி, ஜீன்ஸ் கால்சட்டை எல்லாம் அதில் கிடந்தன. பை பெரியதாக இருந்ததால்தான் அவை உள்ளே வந்தன. படைவீரருக்கு வெடிபொருள், வானொலிக் கருவி, மின்கலம் என்று தூக்கியே தீர வேண்டிய சுமை இருப்பதால் அவருடைய பைக்கு இத்தனை கொள்ளளவு தேவைப்படுகிறது. என்னிடம் அப்படி எதுவும் இல்லாத நிலையில், பையில் காலியிடம் இருப்பதைக் குறையாக எண்ணாமல் இருக்க என்னைப் பழக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இடுப்பு வார் ஏன் வேலை செய்யவில்லை என்பதைப் புரிந்துகொள்ளத்தான் அதிக நாட்கள் ஆயின. எவ்வளவு இறுக்கினாலும் அது இடுப்பெலும்பில் உட்காராமல் வயிற்றையே அழுத்தியது. பெர்கன் பைகளில் நீள முதுகு, குட்டை முதுகு என்று இரண்டு வகை உண்டு. படைவீரர்கள் இடுப்பில் தோட்டாப் பைகளும் தண்ணீர்க் குப்பியும் தொங்கும் தனிக் கச்சை அணிவதால், அவர்களுக்குப் பை அந்தக் கச்சைக்கு மேலே நின்றால் போதும். சுமையை இடுப்பு வாருக்கு இறக்க வேண்டிய தேவை குறைவு. கச்சை அணியாத நடைப்பயணிக்கோ இடுப்பு வார்தான் பாதிச் சுமைக்கு மேல் தாங்க வேண்டும். கழுத்தின் அடியில் தலையைக் குனிந்தால் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டம் வரை அளந்து பார்த்தபோது, நீள முதுகு என்று சொல்லி எனக்கு விற்கப்பட்டது உண்மையில் குட்டை முதுகு என்பது தெரிந்தது. வேறிடத்தில் நீள முதுகுப் பை ஒன்றைத் தேடி வாங்கி மாற்றிக்கொண்டேன். பழைய பெர்கன் வாங்க நினைப்பவர்கள் நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் இந்த அளவை எடுத்துவிட வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

மே மாதக் கடைசியில், கெய்ர்ங்கார்ம் மலைத்தொடரில் லின் ஆஃப் டீ என்ற இடத்திலிருந்து டெரி லாட்ஜ் வரை நடந்து, அங்கே ஓர் இரவு தங்கினேன். இம்முறை 16.2 கிலோ. அடியில் ஸ்லீப்பிங் பேக். அதற்கு மேல், முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளின் மட்டத்தில், உணவுப் பையும் கூடாரமும். அவற்றுக்கு வெளிப்புறம் துணிகள். எல்லாவற்றுக்கும் மேலே மழைச்சட்டை என்று அடுக்கினேன். நடை உடனே மாறியது. ஆனால் சமையல் பாத்திரத்தின் விளிம்பு முதுகெலும்பில் குத்தியது. வழியிலேயே நிறுத்தி, படுக்கும் நுரைப்பாயை மடித்து, முதுகுக்கும் சாமான்களுக்கும் நடுவே செருகினேன். அன்று முதல் அதன் இடம் அதுதான்.

அன்றிரவு பெய்த மழை இன்னொன்றைக் காட்டியது. இந்தத் துணி கிழியாதே தவிர, நெடுநேரம் நனைந்தால் நீரை உள்ளே விடும். துணியே நீரைக் குடித்துக்கொள்ளவும் செய்கிறது. உள்ளே உறையாக வைத்திருந்த குப்பைப் பை மூலையில் கிழிந்து, காலுறைகள் அனைத்தும் நனைந்துவிட்டன. இப்போது வாயைச் சுருட்டிப் பூட்டும் நீர்புகாப் பை ஒன்றை நடுப்பை முழுமைக்கும் உள்ளுறையாக வைக்கிறேன். ஸ்லீப்பிங் பேகுக்கும் மாற்று உடைக்கும் அதற்குள்ளேயே இன்னொரு நீர்புகாப் பை உண்டு, ஏனெனில் இவை இரண்டும் நனைந்தால் அந்த மலையில் குளிர் உயிருக்கே ஆபத்தாகிவிடும். வெளியே போடும் உறை பலத்த காற்றில் பிய்த்துக்கொண்டு போகக்கூடியது. ஆனாலும் செம்மஞ்சள் நிறத்தில் ஒன்றை வைத்திருக்கிறேன். பச்சைப் பையை மூடுபனியில் மீட்புக் குழுவினர் கண்டுபிடிப்பது கடினம்.

செப்டம்பர் நடுவில் இரண்டு இரவுப் பயணம். கடிக்கும் சிறு கொசுக்கள் பெரும்பாலும் அடங்கியிருக்கும் காலம். லின் ஆஃப் டீயிலிருந்து லூபெக் வழியாக லைரிக் க்ரூ பள்ளத்தாக்கில் இருக்கும் கோரூர் குடிசை வரை சென்று, அருகில் கூடாரமடித்தேன். பை 13.5 கிலோவாகக் குறைந்திருந்தது. தண்ணீரைக் குறைத்ததே முதற்காரணம்; ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால், ஓடைகள் நிறைந்த இந்த வழியில் வடிகட்டியை எடுத்துக்கொண்டு ஒரே லிட்டருடன் நடந்தேன். காலை உணவுக்கு அவலும் பருப்புப்பொடியும் போதுமானவையாக இருந்தன. அவலுக்குக் கொதிநீர் ஊற்றினால் போதும் என்பதால் எரிவாயுவும் மிச்சமானது. எரிவாயுக் குப்பியையும் அடுப்பையும், உணவோடு சேராதபடி, இடப் பக்கப் பையில் தனியே வைத்தேன்; வலப் பக்கப் பையில் அதே எடைக்குத் தண்ணீரும் வடிகட்டியும். ஓடையில் இறங்கிக் கடக்க நேர்ந்தால் இடுப்பு வாரை முன்கூட்டியே கழற்றிவிடுவதை ஒரு விதியாக வைத்திருக்கிறேன். தவறி விழுந்தால் பையை உடனே உதறிவிட முடிய வேண்டும்.

படைவீரர்களின் ஒரு வழக்கத்தை இந்தப் பயணத்தில் முழுமையாகக் கடைப்பிடித்துப் பார்த்தேன். எடுத்த பொருளைப் பயன்படுத்தி முடித்தவுடன் அதன் இடத்திலேயே திரும்ப வைத்து வாரைப் பூட்டிவிடுவது. எதையும் புல்லில் கிடக்கவிடாதது. இரவு இரண்டு மணிக்குக் காற்று வலுத்துக் கூடாரக் கயிறுகளை இறுக்க வேண்டியிருந்தபோது, டார்ச்சும் மழைச்சட்டையும் விளக்கில்லாமலே கைக்கு வந்தன. இந்தப் பையை எனக்கு உண்மையில் பிடித்துப்போனது அந்த இரவில்தான்.

மறுநாள் இரண்டு பக்கப் பைகளையும் கழற்றி, அவற்றுக்கென உள்ள தோள்வார்த் தொகுதியில் இணைத்தேன். 20 லிட்டர் அளவில் ஒரு சிறு முதுகுப்பை கிடைத்தது. நடுப்பையைக் கூடாரத்தில் விட்டுவிட்டு, மழைச்சட்டை, உணவு, வரைபடம், அவசர உறை ஆகியவற்றோடு 1004 மீட்டர் உயரமுள்ள டெவில்ஸ் பாயின்ட் உச்சிக்கு ஏறி இறங்கினேன். ஏறும்போது முதுகில் 4 கிலோகூட இல்லை.

திரும்பும் நாளில் ஈரக் கூடாரத்தை எங்கே வைப்பது என்பது மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. உள்ளுறைக்கு வெளியே, நடுப்பையின் மேற்பகுதியில் வைத்தேன். நீர் மற்றவற்றில் படவில்லை, ஆனால் எடை மேலேறியதால் கற்பாறைகளில் இறங்கும்போது பை என்னை முன்னே தள்ளியது. அடுத்த முறை அதைத் துணி வேறு, கம்பிகள் வேறாகப் பிரித்து, கம்பிகளை முதுகை ஒட்டிச் செங்குத்தாக நிறுத்தியும், துணியை உணவு தீர்ந்ததால் காலியான இடத்தில் தனி நீர்புகாப் பையில் இட்டும் பார்க்கப் போகிறேன்.